செவலையின் அடை

காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் சூரியபிரகாஷ் பதினோரு முட்டைகளையும் பெருக்கல் குறி மேலே தெரியும்படி புரட்டி வைத்துவிட்டுத்தான் போனான். மாலை ஐந்தே முக்காலுக்கு வந்து தெர்மோகோல் பெட்டியின் மூடியைத் தூக்கினால், பதினொன்றிலும் வட்டம் மேலே இருந்தது.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல், மறுபக்கம் வட்டம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எதைப் புரட்டினோம், எதை விட்டோம் என்று குழம்பாமல் இருக்கத்தான் குறி. இன்குபேட்டர் வைத்திருக்கிற எல்லாரும் செய்வதுதான், ஆனால் சூரியபிரகாஷ் அதைப் பற்றிப் பேசினால் உலகத்திலேயே அவன்தான் முதலில் பென்சிலைக் கையில் எடுத்தவன் போல இருக்கும்.

தன்னைச் சந்தேகப்படுவது அவன் வழக்கமில்லை. மறப்பது, குழம்புவது, சொதப்புவது எல்லாம் மற்றவர்கள் வேலை. வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவனிடம், இன்னொன்று உசிலம்பட்டியில் அம்மா வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் மனைவி முத்துமீனாவிடம். ஆக, அவள் பகலில் வந்து வேண்டுமென்றே கெடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து முட்டை புரட்டுகிற அளவுக்கு வெட்டியாக இருக்கிறாளே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான். ஒரு நாள்கூடத் தன் கணக்கு வேறு யார் கையாலும் ஓடக் கூடாது என்று பதினொன்றையும் மறுபடி பெருக்கலுக்குத் திருப்பினான்.

மூடியை வைக்கும்போது ஒரு வாடை வந்தது. பல்பு சூட்டில் காய்ந்த தெர்மோகோல் வாடை, உள்ளே ஈரத்துக்காக வைத்திருந்த பஞ்சின் வாடை, இரண்டுக்கும் அடியில் இன்னொன்று. நனைந்த இறகின் வாடை. தேசிய நெடுஞ்சாலையில் திருமங்கலம் போகிற லாரிகளின் இரைச்சல் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினான்.

அது ஐந்தாம் நாள்.

அந்த முட்டைகளின் மேல் முதலில் உட்கார்ந்த கோழியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. செவலை என்று அதற்குப் பெயர் வைத்தது மகள் செல்லக்கிளி. எட்டு வயது, வீட்டில் கிளி. மாமியார் சீனியம்மாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்ட நாட்டுக்கோழி அது. சித்திரை மாதம் அது அடைக்கு உட்கார்ந்ததும் மாமியார் ஒரு கூடையில் வைக்கோல் பரப்பி, ஒற்றைப்படையாகப் பதினோரு முட்டை வைத்து, இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஓரத்தில் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் செருகிவிட்டுப் போனார். சூரியபிரகாஷ் பசுமலையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்ப்பவன். ஆணியை எடுத்துப் பார்த்து, என்ன, கோழிக்கு எர்த்திங்கா என்று கேட்டு, வெறும் மனைக்கல் நட்டுக் கிடந்த பக்கத்துப் பிளாட்டில் வீசினான்.

மறுநாளே ஆன்லைனில் வாங்கிய இன்குபேட்டர் வந்தது. தெர்மோகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு குட்டி விசிறி, சிவப்பு எண்ணில் சூட்டைக் காட்டும் சின்ன மீட்டர். இருப்பதிலேயே மலிவானது. அனுப்பியவனுக்கு வயரிங் தெரியவில்லை என்று அரை மணி நேரம் திட்டிவிட்டு, அதைத் தன் இஷ்டப்படி மாற்றினான். ஒரு கோழி இருபத்தொரு நாள் உட்கார்ந்து, பிறகு இரண்டு மாதம் குஞ்சோடு திரிந்து நேரத்தை வீணாக்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை. பெட்டி பொரிக்கும், கோழி மறுபடி முட்டையிடும். இதைப் புரிந்துகொள்ள மூளை வேண்டும், அது இந்த வீட்டில் ஒருத்தருக்குத்தான் இருந்தது.

செவலைக்கு இந்த ஏற்பாடு சொல்லப்படவில்லை. முட்டையை எடுத்த பிறகும் அது வெறும் வைக்கோலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனால் உடம்பு முழுக்கச் சிலிர்த்து, அடித்தொண்டையில் க்ர்ர்ர் என்று ஒரு சத்தம். மூன்றாம் நாள் அவன் புறங்கையில் கொத்தி ரத்தம் வரவைத்தது. ஒரு கோழி தன்னை மதிக்கவில்லை என்பதை அவனால் தாங்க முடியவில்லை.

அடை தெளியவைக்க ஊரில் ஒரு முறை உண்டு. கோழியின் சிறகிலிருந்தே ஒரு இறகைப் பிடுங்கி, அதன் காம்பை இரண்டு மூக்குத் துளைக்கும் குறுக்கே செருகுவார்கள். கழுத்துவரை தண்ணீரில் ஒரு முக்கு முக்கி விட்டுவிடுவார்கள். கோழி இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரியும், பிறகு தெளிந்துவிடும். அவன் பின்கட்டில் இருந்த நீல டிரம்மிடம் கோழியைக் கொண்டுபோனான். கிளி டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் இறகைச் செருகினான். அவள் முகம் சுளித்ததைப் பார்த்து, "வலிக்காது, தெளிஞ்சிரும்" என்றான்.

கழுத்துவரை போதும் என்பது மாமியார் கணக்கு. அவன் தலையோடு முக்கினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை முக்கியபோது சட்டைப்பையில் போன் அடித்தது. கல்லூரியிலிருந்து ஒருவன் ஏதோ மீட்டரில் சந்தேகம் கேட்டான். சூரியபிரகாஷுக்குச் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு கை தண்ணீருக்குள், ஒரு கையில் போன். அந்த ஆளுக்கு அடிப்படையே தெரியவில்லை என்பதை முதலில் நிரூபித்தான், பிறகு அடிப்படையைச் சொன்னான், பிறகு சந்தேகத்துக்கு வந்தான். "அப்பா, தலை" என்று கிளி மெதுவாகச் சொன்னாள். பேசும்போது குறுக்கே பேசாதே என்று கண்ணாலேயே அதட்டினான். போனை வைத்தபோது தண்ணீருக்குள் இருந்த கை லேசாக இருந்தது.

கிளி அழவில்லை. செத்த கோழியின் மூக்கிலிருந்து இறகை உருவி, பாவாடையில் துடைத்து, தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். சரி விடு, குழம்பு வைத்துவிடுவோம் என்றான் அவன். முத்துமீனா பிள்ளையிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லும்படி கேட்டாள். ஒரு கோழிக்காகவா என்று கேட்டான். பள்ளிக்கூட லீவுதானே, சாயங்கால பஸ்ஸில் இருவரும் உசிலம்பட்டிக்குப் போய்விட்டார்கள். அவன் வீம்புக்குத் தானே உரித்து, தானே சமைத்து, இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தான். எலும்பைக்கூட விடவில்லை.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்க்க இருட்டு வேண்டும். நண்பகலில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வெளிச்சம் கசிந்த ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டு, டார்ச்சை முட்டையின் அடியில் பிடித்தான். ஓடு சிவந்து ஒளிர்ந்தது. நூல் நூலாக நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி, அது அசைந்தது. பதினொன்றிலும் உயிர் இருந்தது. உள்ளூர ஒரு சந்தோஷம் பொங்கியது. கிளி இதைப் பார்த்தால் வாய் பிளப்பாள், செவலையை மறந்துவிடுவாள், அவனும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பித்துவிடலாம். ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாகப் பதினோரு உயிரைப் பொரிக்கக் கிளம்பிய ஆள் அவன்.

இருட்டுக்குள் அவன் மூக்கு அரித்தது. சொறிந்தான். மறுபடி அரித்தது, உள்ளே, இரண்டு துளைக்கும் நடுவில். டார்ச்சை வைத்துவிட்டு விரலால் தொட்டபோது அங்கே சின்னதாக ஒரு பொருக்கு தட்டுப்பட்டது. கோடைப் புழுக்கம், தூசி என்று சொல்லிக்கொண்டான். முட்டைகளை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு வந்தபோது, காலியாக இருந்த தட்டின் நடுவில் வைக்கோல் குவிந்து, வழவழப்பாக, ஒரு உடம்பு உட்கார்ந்து அழுத்திய குழி போல ஒரு குழி இருந்தது. இன்குபேட்டரில் அவன் வைக்கோல் போடவே இல்லை.

எட்டாம் நாள் வட்டம். ஒன்பதாம் நாள் வட்டம்.

பூட்டை மாற்றினான். பத்தாம் நாளும் வட்டம்தான். முத்துமீனா சாவி இல்லாமல் எப்படி வருகிறாள் என்று யோசித்ததில் அவள் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. பழைய போன் ஒன்றைச் சார்ஜரில் மாட்டி, அலமாரியில் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டுக் கல்லூரிக்குப் போனான். திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்து, மாமியார் வீட்டில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவதாக உத்தேசம்.

சாயங்காலம் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து பார்த்தான். காலை முழுவதும் பெட்டி, அதன் சிவப்பு எண், ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் மெல்ல நகர்வது, வேறெதுவும் இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். மதியம் பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறக்கிற சத்தம். ஒரு ஆள் உள்ளே வந்தான். கழுத்தில் பாலிடெக்னிக் அடையாள அட்டை. அதே சட்டை. இப்போது போட்டிருக்கிற சட்டை.

அவன்தான்.

வீடியோவில் இருந்த சூரியபிரகாஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டான். மூடியைத் தலையால் முட்டித் தள்ளினான். குனிந்து, மூக்கால், ஒவ்வொரு முட்டையாக உருட்டினான். மெதுவாக, பதற்றமே இல்லாமல், ஓரத்தில் இருந்ததை நடுவுக்கு, நடுவில் இருந்ததை ஓரத்துக்கு. வாழ்நாளில் எந்த வேலையையும் அவன் இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. எல்லாம் முடிந்ததும் நிமிர்ந்தான். அலமாரியில் இருந்த போனைக் கவனித்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். ஒரே கண்ணால் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

பைக்கின் மீட்டரைப் போய்ப் பார்த்தான். ஒரு தடவை போய்வரும் தூரம் கூடுதலாக ஓடியிருந்தது. உடன் வேலை பார்க்கிறவனுக்குப் போன் செய்து, மதியம் நான் எங்கே இருந்தேன் என்று பட்டும் படாமலும் கேட்டான். ஒரு வாரமாகவே சாப்பாட்டு நேரத்தில் காணோமே, வீட்டில் விசேஷமா என்றான் அவன். சூரியபிரகாஷ் வீடியோவை அழித்தான். தூக்கக் குறைவு, மனஅழுத்தம், ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டான். முதல் தடவையாக அவனுக்குத் தன் மேலேயே ஒரு இளக்காரம் வந்தது. அதுவும் ஒரு நிமிஷம்தான்.

பதிமூன்றாம் நாள் காலை முத்துமீனா போன் செய்தாள். முட்டை எப்படி இருக்கிறது என்று கிளி கேட்டதாகச் சொன்னாள். பதினொன்றும் உயிரோடு இருப்பதாக அவன் பெருமையாகச் சொன்னான். உங்கள் அம்மாவின் ஆணியும் கரியும் இல்லாமலேயே என்று சேர்த்துக்கொண்டான்.

"இருவத்தொண்ணாம் நாள் காலைல வாரோம்ங்க" என்றாள். "குஞ்சப் பாக்கணும்னு சொல்றா. வந்தன்னிக்கு அவட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னா அங்கனயே இருந்துக்கிர்றோம். இல்லைன்னா அவள இங்க ஸ்கூல்ல சேத்துட்டு நானும் இங்கனயே இருந்துக்கிர்றேன். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"கோழிட்டப் போயி மன்னிப்பு கேக்கச் சொல்றியா?"

"கோழிட்ட இல்ல. கிளிட்ட."

ச்ச் என்று நாக்கைத் தட்டிவிட்டுப் போனை வைத்தான். பெட்டிக்குள்ளிருந்து ச்ச் என்று ஒரு சத்தம் திரும்பி வந்தது. பல்பு சூட்டில் தெர்மோகோல் விரியும் சத்தமாக இருக்கும். அவன் மறுபடி தட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் கல்லூரிக்கு லீவு போட்டான். பசி போய்விட்டது. காலையில் ஒரு தடவை எழுந்து, சமையலறையில் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரைத் தலையை அண்ணாந்து அண்ணாந்து குடித்துவிட்டு வந்து பெட்டியிடம் உட்கார்ந்துகொள்வான். குளிக்கும்போது நெஞ்சு முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் தோல் சிவந்து, ரத்தம் பாய்ந்து சூடாக இருந்தது. காய்ச்சல் என்று வைத்துக்கொண்டான். தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தான். முப்பத்தேழு புள்ளி ஆறு. பெட்டியின் சிவப்பு எண்ணைப் பார்த்தான். முப்பத்தேழு புள்ளி ஆறு.

பதினெட்டாம் நாள் மத்தியானம் கோடை மழை வந்தது. மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் வானம் கறுத்து, புழுதி கிளம்பி, ஐந்தே ஐந்து வீடு இருந்த அந்தப் புது மனைப்பிரிவின் கம்பி வேலியெல்லாம் ஊளையிட்டது. எங்கேயோ வேப்பங்கிளை ஒடிந்து மின்கம்பியில் விழுந்தது. பல்பு இரண்டும் அணைந்தன. குட்டி விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

மூன்றாவது வீட்டு ஜுல்பிகர் குடையோடு வந்து கதவைத் தட்டினார். விளக்குத்தூண் பக்கம் பைக்கடை வைத்திருப்பவர், இங்கே வீடு கட்டி ஒரு வருஷம்தான் ஆகிறது. கம்பி அறுந்திருப்பதால் நாளைக்குத்தான் கரண்டு வருமாம், தன் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, பெட்டியைக் கொண்டுவந்து வையுங்கள் என்றார். பேசிக்கொண்டே அவன் முகத்தையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தார்.

"உடம்புக்கு முடியலையா சார்? கண்ணெல்லாம் ஒரு மாதிரியா இருக்கே."

பையும் பெட்டியும் விற்கிறவனிடமிருந்து கரண்டு வாங்கும் நிலைமை தனக்கு இன்னும் வரவில்லை என்பதை, அவருக்குப் புரிகிற மாதிரியே சொல்லி அனுப்பினான் சூரியபிரகாஷ். ஜுல்பிகர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பேட்டரியில் ஓடிய மீட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து. ஜன்னலைச் சாத்தினான், போர்வையைப் பெட்டி மேல் போட்டான். முப்பத்துமூன்று. கைவிளக்கைப் பெட்டிக்குள் வைத்தான். சாரல் காற்று கதவிடுக்கில் புகுந்தது, அறை அந்தச் சித்திரையிலேயே முதல் தடவையாகக் குளிர்ந்தது. முப்பத்தொன்று. இப்போது ஜுல்பிகர் வீட்டுக்குப் போகலாம், இருபது எட்டு எடுத்து வைத்தால் போதும், பாய், தப்பாப் பேசிட்டேன் என்றால் போதும். அவன் போகவில்லை. தப்பு என்ற சொல்லே அவன் வாயில் பழகியிருக்கவில்லை. இடி இடித்தது. முட்டைகளுக்குள் ஏதோ திடுக்கிட்டது. பதினொன்றுக்குள்ளும், ஒரே நேரத்தில்.

பிறகு அவை கத்தின. ஓட்டுக்குள்ளிருந்து. மெல்லியதாக, பலவீனமாக, குளிரில் கத்துவது போல.

அவன் சட்டையைக் கழற்றினான். போர்வையைத் தரையில் விரித்து, பதினோரு முட்டைகளையும் நடுவில் சேர்த்துவைத்து, முழங்கால் இரண்டையும் அகட்டி மடக்கிக் குனிந்து, சூடான நெஞ்சையும் வயிற்றையும் அவற்றின் மேல் பட்டும் படாமலும் இறக்கினான். ஐந்து நிமிஷம் என்று நினைத்தான். கரண்டு வரும்வரை என்று நினைத்தான். முட்டைகள் அடங்கின. தோலுக்கடியில் பதினோரு சின்னத் துடிப்பு. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படி ஒரு நிம்மதியை அவன் அனுபவித்ததே இல்லை. அடித்தொண்டையிலிருந்து தானாக ஒரு சத்தம் வந்தது.

க்ளுக்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

மறுநாள் மதியம் கரண்டு வந்தது. பல்பு எரிந்தது. விசிறி சுற்றியது. அவன் எழவில்லை. எழ நினைத்தான், கால் கேட்கவில்லை. போன் அடித்தது, அடித்தது, பிறகு அதன் சார்ஜும் தீர்ந்தது. ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான், அதுவும் ஓடி வந்தான். கைகள் முதுகின் பக்கமாக மடங்கியிருந்தன. பிரிக்க முடியவில்லை. பயம் இருந்தது. நிறைய இருந்தது. அது எங்கேயோ அறையின் ஒரு மூலையில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருபத்தொன்றாம் நாள் காலை வயிற்றுக்கடியில் ஈரம். கூர்மையான சின்ன அலகுகள் தோலைக் குத்தின. ஓடு நொறுங்கும் சத்தம். ஒன்று. மூன்று. ஏழு. பதினொன்றும்.

வாசல் கதவு தட்டப்பட்டது. பழைய சாவி சேராமல் முத்துமீனா ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாள் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, கையை விட்டுத் திறந்தாள். அவள் உள்ளே வந்து நின்றதையும், துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியதையும், அவள் பின்னாலிருந்து கிளி எட்டிப் பார்த்ததையும் அவன் கண்டான். இதுதான் நேரம். சொல்லிவிடலாம். சொல்ல வேண்டும் என்று இப்போது உண்மையிலேயே ஆசைப்பட்டான். தொண்டைவரை வந்தது.

"க்ளுக்" என்றான்.

கிளி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் வயிற்றுக்கடியிலிருந்து ஈரத்தோடு எட்டிப் பார்த்த ஒரு செவலைக் குஞ்சைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. கையை நீட்டினாள்.

தலைமுடி, பிடரி, உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. க்ர்ர்ர். வேண்டாம், கையை எடு கிளி. கழுத்து தானாகப் பாய்ந்தது. பல்லுக்கடியில் பிள்ளையின் புறங்கை. ரத்தம் உப்பாக இருந்தது.

முத்துமீனா பிள்ளையைப் பறித்து இழுத்து, துப்பட்டாவைக் கிழித்துக் கையில் கட்டினாள். "நீ வாசல்ல நில்லு. இந்தா, போன வச்சுக்க. ஜுல்பிகர் மாமாவக் கூட்டிட்டு வாரேன். உள்ள போயிராத" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது.

கிளி கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். அதிலிருந்து இறகை எடுத்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

"வலிக்காதுப்பா" என்றாள். "தெளிஞ்சிரும்."

காம்பு, மூக்கில் ஏற்கெனவே பொருக்குத் தட்டியிருந்த இடத்தில், தடையே இல்லாமல் போனது. அவள் இரண்டு கையையும் அவன் விலாவுக்கடியில் கொடுத்தாள். தூக்கினாள். எட்டு வயசுப் பிள்ளை. அவன் எழுந்து வந்தான். கனமே இல்லை. கால்கள் மடங்கியபடியே காற்றில் தொங்கின. கீழே குஞ்சுகள் கத்தின. பின்கட்டு. நீல டிரம். விளிம்புவரை மழைத்தண்ணீர்.

மன்னிச்சிரு. மன்னிச்சிரு கிளி. க்ளுக். க்ளுக்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது முறை முக்கியபோது போன் அடித்தது. தண்ணீருக்கு மேலே, வெகு தூரத்தில். ஒரு கை பிடியை விட்டது. இன்னொரு கை விடவில்லை. மகளின் முகம் அலைகளுக்கு மேலே தெரிந்தது, பிறகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

"ம்ம், அம்மாச்சி. வந்துட்டோம். பொரிச்சிருச்சு, பதினொண்ணும். அப்பாவா? இங்கனதேன் இருக்காரு."

அம்மாச்சி ஏதோ கேட்டார். கிளிக்கும் சுருக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒவ்வொண்ணா சொல்றேன், கேளுங்க. மொதக் குஞ்சு செவல."